சமத், சலீம், மஜீத்: சிறந்தவர் என்று யாரைச் சொல்வது?

விளையாட்டைப் பற்றி, அதிலும் ஆடி ஓய்ந்து மறைந்துபோன ஆட்டக்காரர்களைப் பற்றி, இந்தப் பக்கத்தில் எழுதத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்துச் சலிக்கும்வரை அவர்களுக்குத் திரையாக நின்றவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். அன்னையாருடன் ஓட்டப்பந்தயம் ஓடி, முதல்முறை தோற்று, பின்னொரு நாள் வென்று, அதற்கு இது சரியாயிற்று என்று நகைத்தவர்களும் அவர்களே. விளையாட்டு நம் மார்க்கத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பொருளன்று. அதைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதும் அவ்வாறே. ஆகவே எழுதுகிறேன்.

புதுச்சேரியில் ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நம் தெருக்களின் முகம் மாறுவதை அனைவரும் அறிவோம். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956இல் கையெழுத்தாகி 1962இல் சட்டப்படி நிறைவேறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் பாரிஸின் புறநகர்களிலிருந்து விடுமுறைக்கு வந்திறங்குகிறார்கள். முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் அஸருக்குப் பிறகு தேநீர்க் கடை வாசலில் பிரெஞ்சும் தமிழும் கலந்த ஒரு வாதம் தொடங்கும். பாரிஸ் சேன்ட் ஜெர்மேன் அணிக்கு ஆடியவர்களில் பந்தைக் காலால் பேசவைத்தவர் யார்? ரொனால்டினோ என்பான் ஒருவன். 2001 முதல் 2003 வரை இரண்டே பருவம் ஆடியவரை எப்படிச் சொல்வது, நைஜீரியாவின் ஒகோச்சாவைச் சொல் என்பான் மற்றொருவன். இளையவர்கள் இருவரையும் தள்ளிவிட்டு எம்பாப்பேயின் பெயரையோ, 2025இல் மியூனிக்கில் இன்டர் மிலானை 5–0 என வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய அணியின் டெம்பெலேயின் பெயரையோ சொல்வார்கள்.

சென்ற ஆண்டு ஒரு நிக்காஹ் வீட்டில் இவ்வாதத்தை முழுமையாகக் கேட்டேன். அரைமணி நேரம் கழித்து, மூலையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "ஸஃபேத் சூசிச் பேரை ஒருத்தரும் சொல்லலையே, தம்பிகளா" என்றார். "அவரு யாரு மாமா?" என்று கேட்டான் பாரிஸிலிருந்து வந்த பையன். அவன் பாரிஸில் பிறந்தவன். பெரியவரோ எண்பதுகளில் அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர். போஸ்னியாவைச் சேர்ந்த சூசிச் 1982 முதல் 1991 வரை அந்த அணிக்கு ஆடினார். 1986இல் அது முதன்முறையாக பிரெஞ்சு லீகை வென்றபோது நடுக்களத்தின் மூளையாக இருந்தவர் அவரே. 2010இல் பிரான்ஸ் ஃபுட்பால் இதழ் அவ்வணியின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரராக அவரைத்தான் தேர்ந்தது. 2014இல் போஸ்னியாவை முதன்முறையாக உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்ற பயிற்சியாளரும் அவரே. பையன் உடனே கைப்பேசியை எடுத்துத் தேடினான். கிடைத்த படத்துண்டைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமலிருந்தான்.

இவ்வாதங்களை வீண்பேச்சு என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. பெரியவரும் சிறுவனும் சமமாக அமர்ந்து பேசும் இடங்கள் நம்மிடையே குறைந்துவருகின்றன. இது எஞ்சியிருக்கும் சிலவற்றுள் ஒன்று. ஆனால் அதே தேநீர்க் கடையில் அதே வாதம் கெட்டுப்போவதையும் பார்க்கிறோம். "வல்லாஹி" என்று ஆணையிட்டுத் தாம் பார்த்திராத கோலுக்குச் சாட்சி சொல்கிறார்கள். எதிரணிக்காரரின் நிறத்தையும் தாயையும் இழுக்கிறார்கள். தோற்றவர் பிரியாணி வாங்கித் தரவேண்டும் என்று இருதரப்பும் பந்தயம் கட்டுகிறார்கள். இருவர் பொருள் வைத்து, ஒருவர் இழந்து மற்றவர் பெறுவதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்று தெரியாதவர்களல்லர் அவர்கள். பிரியாணி என்றவுடன் அது சூதாகத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடுத்தபோது வரவேற்றுப் பேசிய அதே நாக்கு, மறுநாளே அரைத் தட்டு பிரியாணிக்குப் பந்தயம் கூறியதை நானே கேட்டேன். இவை எவற்றுக்கும் கால்பந்து பொறுப்பன்று.

என் குறை வேறொன்று. பாரிஸ் அணியின் ஐம்பத்தைந்து ஆண்டு வரலாற்றை இத்தனை நுணுக்கமாக அலசும் நம் இளைஞர்கள், நம் நாட்டில், நம் சமூகத்தார் கட்டியெழுப்பிய ஒரு கழகத்தின் பெயரைக்கூட அறியாதிருக்கிறார்கள். கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கைச் சொல்கிறேன். கொல்கத்தா நமக்கு என்ன உறவு என்று கேட்கவேண்டாம். அந்நகரத்துக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள சந்திரநாகூர் 1950 வரை புதுச்சேரி ஆளுநரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஊர்.

1891இல் தோன்றிய அக்கழகம் நெடுங்காலம் கீழ்ப்பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தது. 1934இல் முதற்பிரிவுக்கு உயர்ந்து, அந்த முதல் ஆண்டிலேயே கல்கத்தா லீகை வென்றது. வெள்ளையர் படையணிகளும் வெள்ளையர் கழகங்களுமே அதுவரை வைத்திருந்த பட்டத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1935, 1936, 1937, 1938 என்று பட்டம் அதனிடமே தங்கியது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள்! 1911இல் வெறுங்காலோடு ஆடி ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்று புகழ்பெற்ற மோகன் பகான் கழகம்கூடத் தன் முதல் லீக் பட்டத்தை 1939இல்தான் பெற்றது. 1940இல் தில்லியில் நடந்த டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் ராயல் வார்விக்‌ஷையர் படையணியை 2–1 எனத் தோற்கடித்து, அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் குடிமக்கள் அணியாயிற்று. காஜி நஸ்ருல் இஸ்லாம் அந்த அணியைப் போற்றிக் கவிதை எழுதினார். வங்காளத்தின் சிற்றூர்களிலிருந்தெல்லாம் ஏழை முஸ்லிம்கள் கல்கத்தா மைதானத்துக்கு வந்து, உயர்ந்த மரக்கிளைகளிலும் அரண்மேட்டுச் சரிவிலும் நின்று பார்த்த காலம் அது.

இந்த வெற்றிக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, மழை பெய்து நனைந்த தரையில் பூட்ஸ் அணிந்து ஆடும் வழக்கத்தை இந்திய அணிகளுள் முன்னதாக மேற்கொண்டது. வெறுங்காலால் ஆடுவதே நம் பெருமை என்று மற்றவர்கள் பிடிவாதமாக இருக்க, சேற்றில் வழுக்குகிறது, ஆகவே பூட்ஸ் போடு என்று இவர்கள் எளிதாக முடிவெடுத்தார்கள். இரண்டாவது, வங்காளத்துக்குள் மட்டும் தேடாமல் நாடெங்கிலுமிருந்து ஆட்டக்காரர்களை அழைத்துவந்தது. குவெட்டாவிலிருந்து ஜும்மா கான் வந்தார். பெங்களூரிலிருந்து பலர் போனார்கள். நம் தென்னகம் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை. 1937 ரோவர்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் இதே முகமதன் ஸ்போர்ட்டிங்கை 1–0 எனத் தோற்கடித்தது பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற கழகம். ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி அது. மறு ஆண்டும் வென்றது. இன்று அப்பெயரைக் கேட்டால் பெங்களூரிலேயே புருவம் உயர்த்துவார்கள்.

இனி வாதத்துக்கு வருவோம். கறுப்பு வெள்ளைச் சட்டையணிந்த அக்கழகத்தின் அன்பர்களிடம், உங்கள் ஆட்டக்காரர்களில் பந்தைக் கையாளும் வித்தையில் யாரைத் தலையாயவர் என்பீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று பெயர்கள் வரும்: சமத், சலீம், மஜீத். நான்காவதாக ஹைதராபாத்தின் முகமது ஹபீபைச் சேர்ப்பாரும் உண்டு. 1977இல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கெதிராக மோகன் பகான் சட்டையில் ஆடி, 2–2 எனச் சமன் செய்ய உதவிய அந்த 'படே மியான்' 2023 ஆகஸ்டு 15இல் மறைந்தார். ஆனால் அவரது பெருமை அயராத உழைப்பில் இருந்தது. கால்வித்தை என்று தனியே கேட்டால் அவரே ஒதுங்கி நின்றிருப்பார் என்றே எண்ணுகிறேன்.

மூவரில் யார் என்று முடிவுசெய்ய நமக்கொரு முறை இருக்கிறது. உலகில் வேறெந்தச் சமூகத்துக்கும் இவ்வளவு நுட்பமாக வாய்க்காத முறை. ஒரு செய்தி வந்தால், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இறுதியில் கண்ணால் கண்டவர் யார், இடையில் உள்ளோர் நம்பத்தக்கவர்களா என்று ஆராயும் இஸ்னாத் முறையைச் சொல்கிறேன். பிறகு செய்தியின் உள்ளடக்கம் அறிவுக்கும் பிற செய்திகளுக்கும் பொருந்துகிறதா என்று மத்னையும் பார்ப்பார்கள். ஹதீஸ் கலை புனிதமானது. அதைப் பந்தாட்டக் கதைகளுக்குச் சமமாக்கவில்லை. ஆனால் அக்கலை நம்மிடம் வளர்த்திருக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. அது பள்ளிவாசல் படியிறங்கியதும் நின்றுவிடக்கூடாது.

சையத் அப்துஸ் சமத். இரயில்வே அணியிலும் மோகன் பகானிலும் ஆடி, 1933இல், ஏறத்தாழ முப்பத்தெட்டு வயதில் முகமதனுக்கு வந்தவர். பொதுவாக ஆட்டக்காரர் ஓய்வுபெறும் வயதில் அவர் அந்த ஐந்தாண்டு வெற்றியின் தொடக்கத்தில் நின்றார். வங்காளத்தார் அவரைக் கால்பந்து மந்திரவாதி என்றே அழைத்தார்கள். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானின் பார்வதிபூரில் குடியேறி 1964இல் அங்கேயே மறைந்தார். அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை ஒன்று: வெளிநாட்டுப் பயணத்தில் அவர் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியதாம், என் அளவு தவறாது, கம்பம்தான் தாழ்வாக இருக்கிறது என்றாராம், அளந்து பார்த்தால் உண்மையிலேயே தாழ்வாக இருந்ததாம். எவ்வளவு இனிய கதை! ஆனால் எந்த ஊர், எந்த அணி, அளந்தவர் யார் என்று கேட்டால் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. சங்கிலியில் முதல் கண்ணியே இல்லை. சொல்லுங்கள், சிரியுங்கள், குழந்தைகளுக்குக் கூறுங்கள். சாட்சியாக மட்டும் கொண்டுவராதீர்கள். சமதுக்கு உண்மையான சாட்சி வேறிடத்தில் இருக்கிறது. அவரோடும் அவருக்கெதிராகவும் ஆடிய ஒரு தலைமுறை முழுதும், கட்சி பேதமின்றி, ஒரே பட்டத்தை அவருக்கு வழங்கியது. எதிரணியினரின் ஒப்புதல் எளிதில் கிடைக்கும் பொருளன்று.

முகமது சலீமின் செய்தி இன்னும் உறுதியானது. கல்கத்தாவின் மெட்டியாபுரூஸில் பிறந்தவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் வழியில் சீன அணி இந்தியாவில் ஆடியபோது அதற்கெதிராக ஒரு பந்தயத்தில் களமிறங்கினார். அடுத்த பந்தயத்துக்குள் ஊரைவிட்டே போய்விட்டார். பிரிட்டனில் வாழ்ந்த உறவினர் ஒருவர் அவரை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு, செல்டிக் கழகத்துக்கு அழைத்துச் சென்றார். வெறுங்காலோடு ஆடுபவன் என்றதும் மேலாளர் வில்லி மேலி முதலில் நம்பவில்லை. பார்த்தபின் ஆடவைத்தார். கட்டுத்துணி சுற்றிய வெறுங்கால்களோடு 1936 ஆகஸ்டில் கால்ஸ்டன் அணிக்கெதிராக அவர் ஆடிய ஆட்டத்தில் செல்டிக் 7–1 என வென்றது. மறுநாள் செய்தித்தாள்கள் அவரை இந்திய வித்தைக்காரர் என்று எழுதின. அச்சில் இருக்கிறது; நாள் இருக்கிறது; அவருக்குக் கட்டுப்போடும் நிழற்படம் இருக்கிறது. இதைவிட வலுவான சங்கிலி வேண்டியதில்லை.

எனினும் இங்கும் கவனம் வேண்டும். சலீம் செல்டிக்கின் முதன்மை அணிக்கு ஆடியதாகவும் ஐரோப்பாவையே வென்றதாகவும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுக்கொருமுறை செய்தி சுற்றுகிறது. அவர் ஆடியவை இரண்டு ஆட்டங்கள். இரண்டும் இரண்டாம் அணிகளுக்கான அலையன்ஸ் லீக் ஆட்டங்கள். வீட்டு நினைவு வாட்டவே ஊர் திரும்பிவிட்டார். அவரைத் தங்கவைக்க விரும்பிய கழகம் ஓர் அறக்கொடை ஆட்டம் நடத்தி வசூலில் 5 விழுக்காட்டை அவருக்கு அளிக்க முன்வந்ததாகவும், அதை அவர் ஆட்டம் பார்க்க வந்த அநாதைக் குழந்தைகளுக்கே கொடுக்கச் சொன்னதாகவும் கூறுவர். அந்த 5 விழுக்காடு 1,800 பவுண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 விழுக்காடு 1,800 என்றால் மொத்த வசூல் 36,000 பவுண்டு. அக்காலத்தில் நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங் அளவில் இருந்தது. பவுண்டுக்கு இருபது ஷில்லிங். அப்படியானால் ஏழு இலட்சத்து இருபதாயிரம் பேர் ஒரே ஆட்டத்துக்கு வந்திருக்கவேண்டும்! அவர் பணத்தை மறுத்தார் என்பதை ஏற்கிறேன். அவரது பிற்கால வாழ்வும் அதற்கு ஒத்திருக்கிறது. தொகையை ஏற்கமுடியாது. மறுத்தது 18 பவுண்டாக இருந்தாலும், சொந்தமாகப் பூட்ஸ்கூட இல்லாத ஒருவனுக்கு அது பெருந்தொகைதான். நன்மையைப் பெரிதாக்கிக் காட்டப் பொய் எண் எதற்கு?

மூன்றாமவர் மஜீத் பிஷ்கார். ஈரானின் கொர்ரம்ஷகரைச் சேர்ந்தவர். 1978 உலகக் கோப்பைக்கான ஈரான் அணியில் இடம்பெற்றிருந்தவர், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கு மாணவராக வந்தார். 1980இல் ஜம்ஷித் நஸிரியுடன் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். இரண்டு பருவத்துக்குப் பின் முகமதனுக்கு வந்தார். கொல்கத்தாவுக்கு வந்த அயல்நாட்டவரில் அவருக்கு நிகரானவர் இல்லை என்று மூன்று பெருங்கழகங்களின் அன்பர்களும் ஒரே குரலில் சொல்வார்கள். அவரை நேரில் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அறுபது வயது கடந்த எந்தக் கொல்கத்தாக்காரரையும் கேட்கலாம். 2019இல் ஈஸ்ட் பெங்கால் நூற்றாண்டு விழாவுக்கு அவர் வந்திறங்கியபோது, பின்னிரவில் விமான நிலையத்தில் கூடிய கூட்டத்தில், அவர் ஆடுகையில் பிறந்தேயிராத இளைஞர்களும் இருந்தார்கள்.

மஜீதைச் சொன்னால் இருவகை எதிர்ப்பு எழும். அவருடைய பொற்காலம் ஈஸ்ட் பெங்காலில்தான், அவரை எப்படி நம் கணக்கில் எழுதுவது என்பது ஒன்று. இதில் நியாயமிருக்கிறது. மற்றது, அவருடைய தனிவாழ்வு. சில ஆண்டுகளிலேயே அது தடம் புரண்டது, ஆட்டம் மங்கியது. என்ன நடந்தது என்று பத்திரிகைகள் நிறையவே எழுதிவிட்டன. நான் திரும்ப எழுதப்போவதில்லை. சகோதரனின் குறையை மறைப்பவனின் குறையை மறுமையில் இறைவன் மறைப்பான் என்று கற்ற நாம், ஆட்டக்காரர் என்றதும் அதை மறந்துவிடுகிறோம். கேட்கப்பட்டது, யார் பந்தைச் சிறப்பாக ஆண்டார் என்பது. இறைவனிடம் யார் சிறந்தவர் என்பது நம்மிடம் கேட்கப்படவேயில்லை. அதற்கு விடை சொல்லும் அதிகாரமும் நம்மிடம் இல்லை.

என் தீர்ப்பைக் கேட்டால், மஜீத் என்பேன். சமதைப் பார்த்தவர் எவரும் இன்றில்லை. சலீமின் உயரத்தை அளக்க இரண்டு ஆட்டங்களின் செய்திகளும் ஐந்தாண்டுப் பட்டியலும் மட்டுமே உள்ளன. மஜீதுக்கோ, போட்டிக் கழகத்தார் உட்பட ஆயிரக்கணக்கானோர் சாட்சி. சலீமைத் தள்ளிவிட்டாயே என்று நண்பர்கள் கோபிக்கிறார்கள். சலீமை எனக்குத் தள்ள மனமில்லை; ஆனால் விரும்புவது வேறு, சான்று கூறுவது வேறு. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பும் நீதியிலிருந்து நம்மைப் பிறழச் செய்யக்கூடாது என்ற கட்டளை அல்மாயிதா அத்தியாயத்தில் இருக்கிறது. வெறுப்புக்கே அந்தத் தடை என்றால், விருப்பத்துக்கும் அது இல்லாமற்போகுமா?

இதை இன்னொரு பழக்கத்துக்காகவும் சொல்கிறேன். ஆட்டக்காரரின் பெயரைக் கேட்டவுடன், அவர் நம்மவரா என்று முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு திறமையை எடைபோடும் வழக்கம் நம் வீடுகளில் வளர்ந்திருக்கிறது. ஸிடேன் கோல் அடித்தால் நம் கோல். அதே பந்தை அவருக்குக் கொடுத்தவர் யார் என்ற நினைவே இல்லை. 1998 ஜூலை 12 அன்று பிரான்ஸ் பிரேசிலை 3–0 என வென்ற இறுதியாட்டத்தில் அவர் தலையால் முட்டிய இரண்டு கோல்களும் கார்னரிலிருந்து வந்தவை. கார்னரை அடித்தவருக்கும் ஒரு பெயர் உண்டல்லவா? முகமதன் ஸ்போர்ட்டிங்கின் வரலாறே இப்பழக்கத்துக்கு மறுப்பு. நாற்பது ஆண்டு வறட்சிக்குப் பின் 2021இல் கல்கத்தா லீக் பட்டத்தை மீட்ட இறுதியாட்டத்தில் கோலடித்தவர் டிரினிடாடின் மார்க்கஸ் ஜோசப். அன்று மெட்டியாபுரூஸில் பட்டாசு வெடித்தவர்கள் அவருடைய மதத்தை விசாரித்திருக்க மாட்டார்கள். நம் தமிழகத்திலும், இந்தியன் வங்கி அணிக்கும் நாட்டுக்கும் ஆடிய சென்னையின் சையத் சபீர் பாஷாவின் கோல்களுக்குக் கைதட்டியவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள்.

ஒரு கழகம் வென்றுகொண்டே இருக்கவேண்டும் என்ற வெறிக்கும் பெருமானார் (ஸல்) வாழ்வில் மருந்துண்டு. அவர்களுடைய அள்பா என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்திவிட்டது. தோழர்களுக்குத் தாங்கவில்லை. உலகில் உயர்ந்துவிட்ட எதையும் தாழ்த்தாமல் விடுவதில்லை என்பது அல்லாஹ்வின் நியதி என்று அண்ணலார் விளக்கினார்கள். புகாரியில் பதிவான இச்செய்தியை நான் படிக்கும்போதெல்லாம், தோற்ற இரவில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மனைவியிடம் எரிந்துவிழும் நம் சகோதரர்கள் சிலர் நினைவுக்கு வருவார்கள்.

பழம்பெருமை பேசுவோர் இன்றைய கணக்கையும் பார்க்கவேண்டும். முகமதன் ஸ்போர்ட்டிங் 2023–24இல் ஐ-லீகை வென்று, முதன்முறையாக இந்தியன் சூப்பர் லீகில் நுழைந்தது. 2024–25 பருவத்தில் அங்கே பதின்மூன்று அணிகளில் கடைசி இடம் பெற்றது. அதைவிட வருத்தமான செய்தி, ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வராமல் அவர்கள் பயிற்சியைப் புறக்கணித்ததும், இரஷ்யப் பயிற்சியாளர் ஆந்திரே செர்னிஷோவ் பாதிப் பருவத்தில் பதவி விலகியதும். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தாரின் பெயரைத் தாங்கிய கழகம் அது. சமதா சலீமா என்று இரவெல்லாம் வாதிடும் அன்பர்கள், இந்தக் கேள்வியை முதலீட்டாளர்களிடமும் நிர்வாகிகளிடமும் அதே உரத்த குரலில் கேட்டிருக்கவேண்டும். சிலர் கேட்டார்கள். போதாது.

சலீம் முதுமையில் நோயுற்றபோது, சிகிச்சைக்குப் பணம் தேவை என்று அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். 100 பவுண்டுக்கான வங்கிக் காசோலை வந்து சேர்ந்தது. பணத்துக்காக எழுதவில்லை, என் தந்தையை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்களா என்றறியவே எழுதினேன் என்று அந்த மகன் பின்னர் கூறினார். காசோலையை மாற்றாமல் பத்திரப்படுத்திக்கொண்டார். 1980இல் சலீம் மறைந்தார். இரண்டே ஆட்டங்கள் ஆடியவனுக்கு அந்நிய நாட்டுக் கழகம் நாற்பது ஆண்டு கழித்தும் கணக்கு வைத்திருந்தது.

நம் புதுச்சேரியிலும் கால்பந்து பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வேரூன்றியது. கொடி மாறிய 1954இல் பத்து வயதுச் சிறுவனாக வேலியோரம் நின்று ஆட்டம் பார்த்தவருக்கு இன்று எண்பது வயது கடந்துவிட்டது. உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆடியவர்கள் நம் ஜமாஅத்துகளில் முன்வரிசையில் தொழுகிறார்கள். அவர்கள் ஆடியவர்கள் என்பதே அவர்களின் பேரர்களுக்குத் தெரியாது. அடுத்த விடுமுறைக்குப் பாரிஸ் பிள்ளைகள் வரும்போது, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம் இந்தப் பெரியவர்கள் பக்கத்தில் அவர்களை உட்காரவையுங்கள். ஊரில் பந்தை நன்றாக ஆடியவர் யார், எந்த அணி, எந்த ஆண்டு, இடக்காலா வலக்காலா, வெறுங்காலா பூட்ஸா, சொல்பவர் நேரில் பார்த்தாரா கேட்டறிந்தாரா என்று கேட்டு, கைப்பேசியிலேயே ஒலிப்பதிவு செய்துகொள்ளட்டும். மாமாக்கள் இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் அப்படியே, சொன்னவர் பெயரோடு எழுதிவைக்கட்டும். மஃரிப் பாங்கு சொன்னதும் எழுந்துவிடலாம்; மிச்சத்தை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.